கரும்பால் ஓடிய வண்டிகள்

பிரேசில் என்றதும் மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவனின் நினைவுக்கு முதலில் வருவது காற்பந்து. அடுத்து வரவேண்டியது இரப்பர். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்னும் ஆங்கிலேயர் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் அடுத்த ஆண்டில் சிங்கப்பூர் வந்தன. அந்தச் சிறு தொடக்கத்திலிருந்தே மலாயாவின் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும் அம்மரத்தோடு பிணைந்தது.

அது நிகழ்ந்து சரியாக நூறாண்டுகள் கழிந்த 1976ஆம் ஆண்டில், அதே பிரேசில் நாட்டின் நெடுஞ்சாலைகளில் மூன்று வண்டிகள் நெடும்பயணம் புறப்பட்டன. தோற்றத்தில் அவை சாதாரண வண்டிகளே. ஆயினும் அவற்றின் கலத்தில் இருந்தது பெட்ரோல் அன்று. கரும்புச் சாற்றைப் புளிக்க வைத்து வடித்தெடுத்த எரிசாராயம். எத்தனால் என்று அறிவியல் நூல்கள் குறிப்பிடும் பொருள் அது.

ஒரு பெட்ரோல் வண்டியை எரிசாராயத்தில் ஓடச் செய்வது அத்துணைக் கடினமான வேலையன்று. திறமையான கம்மியர் ஒருவர் தம் பட்டறையில் செய்து முடிக்கக்கூடியதே. ஆனால், ஒரு நாடே அவ்வாறு மாற முனைந்தபோது நேர்ந்தவை யாவை? பெற்றவை எவை? இழந்தவை எவை? இவ்வினாக்களுக்கு விடை கூறும் வரலாறு பிரேசிலின் வரலாறு ஒன்றே எனலாம்.

கரும்பும் கல்நெய்யும்

பிரேசிலுக்குக் கரும்பு புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் அங்குக் கரும்பைப் பயிரிட்டு ஆலைகளை நிறுவினர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் அத்தொழில் வளர்ந்தது. 1888ஆம் ஆண்டில்தான் அங்கு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கரும்பிலிருந்து வடிக்கப்படும் கஷாசா என்னும் சாராயம் அந்நாட்டு மக்களின் பொதுக் குடிவகை. ஆகவே, சாராயம் வடிக்கும் கலையையும் அவர்கள் எவரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை.

அதனை எரிபொருளாக்கும் எண்ணமும் பழையதே. 1925ஆம் ஆண்டிலேயே அரசின் எரிபொருள் ஆய்வு நிலையத்தார் ஒரு ஃபோர்டு காரைச் சாராயத்தில் ஓட்டிக் காட்டினர். 1927இல் அலகோவாஸ் மாநிலத்திலுள்ள செர்ரா கிராண்டே கரும்பாலை, சாராயமும் ஈதரும் கலந்த எரிபொருள் ஒன்றை 'உஸ்கா' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1931ஆம் ஆண்டில், இறக்குமதியாகும் பெட்ரோலில் ஐந்து விழுக்காடு உள்நாட்டுச் சாராயத்தைக் கலக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வருவது அரிதானபோது அக்கலப்பின் அளவு மேலும் உயர்ந்தது. போர் முடிந்து எண்ணெய் மலிவானதும் இம்முயற்சிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. மலிவான பொருள் கையில் இருக்கும்வரை மாற்றுப் பொருளைத் தேடுவார் யார்?

அந்த மலிவு 1973ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுக்கு வந்தது. மத்தியக் கிழக்குப் போரை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெய் வழங்குவதைக் குறைத்தன. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று அமெரிக்க வெள்ளியாக இருந்த கச்சா எண்ணெயின் விலை, 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பன்னிரண்டு வெள்ளியை நெருங்கியது. தனக்குத் தேவையான எண்ணெயில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை வெளிநாடுகளிலிருந்து வாங்கிவந்த பிரேசிலுக்கு இது பேரிடியாயிற்று.

அடுத்த இடி கரும்பாலைகளின்மேல் விழுந்தது. 1974ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ராத்தலுக்கு 60 அமெரிக்கக் காசைத் தாண்டி வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே அது சரிந்து வீழ்ந்தது. விலையை நம்பி விரிவாக்கப்பட்ட கரும்புக் காடுகளும் ஆலைகளும் வாங்குவாரின்றித் தவித்தன. ஒருபுறம் வாங்க முடியாத எண்ணெய். மறுபுறம் விற்க முடியாத சர்க்கரை. இவ்விரு துன்பங்களையும் ஒன்றுக்கொன்று மருந்தாக்கலாம் என்று ஆட்சியாளர் எண்ணினர். 1975ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அதிபர் எர்னெஸ்டோ கைசல் கையெழுத்திட்ட ஆணையின் வழியே, 'புரோஆல்கூல்' எனப்படும் தேசிய எரிசாராயத் திட்டம் பிறந்தது. 1980ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு முந்நூறு கோடி லிட்டர் வடிக்க வேண்டும் என்பது அதன் முதல் இலக்கு.

அக்காலத்தில் பிரேசிலை ஆண்டது இராணுவ ஆட்சி என்பதை மறத்தலாகாது. நாடாளுமன்ற விவாதமோ மக்கள் கருத்தோ இன்றியே இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் வேகத்துக்கும் அதுவே காரணம். அதன் சில குறைகளுக்கும் அதுவே காரணம்.

ஓர் ஆசிரியரின் ஆய்வு

திட்டத்தின் முதற்கட்ட நோக்கம் பெட்ரோலில் சாராயத்தை மிகுதியாகக் கலப்பதே. பெட்ரோலே இன்றி முழுமையாகச் சாராயத்தில் வண்டிகளை ஓட்டலாம் என்பதை உறுதியோடு எடுத்துக் காட்டியவர் உர்பானோ எர்னெஸ்டோ ஸ்டும்ப் என்னும் பொறியாளர். சாவோ பாவுலோ மாநிலத்தில் சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் என்னும் ஊரிலுள்ள வானூர்தித் தொழில்நுட்ப நிலையத்தில் அவர் பணியாற்றினார். அவ்வளாகத்திலுள்ள பொறியியல் கல்லூரியிலேயே பயின்று அங்கேயே ஆசிரியராக அமர்ந்தவர் அவர். எண்ணெய் மலிவாகக் கிடைத்த 1950களிலேயே சாராய எஞ்சின்களைப் பற்றிய ஆய்வில் இறங்கியவர். பிறர் தேவையில்லை என்று ஒதுக்கிய ஒன்றைப் பல ஆண்டுகள் பொறுமையோடு ஆராய்ந்து வைத்திருந்தமையால்தான், தேவை வந்த நாளில் அவரிடம் விடை இருந்தது. 1975ஆம் ஆண்டில் அதிபர் கைசல் அந்நிலையத்துக்கு வருகை தந்தபோது தம் ஆய்வை அவருக்கு விளக்கும் வாய்ப்பு ஸ்டும்புக்குக் கிட்டியது. அரசின் தொழில்நுட்பச் செயலகத்துக்குத் தலைமை வகித்த பௌத்திஸ்டா விடால் இவ்வாய்வுக்குப் பெருந்துணையாக நின்றார்.

ஆய்வுக்கூடத்தில் ஓடும் எஞ்சினை மட்டும் கண்டு மக்கள் நம்பிவிட மாட்டார்கள். ஆகவே ஒரு டாட்ஜ் 1800 கார், ஒரு ஃபோக்ஸ்வாகன் வண்டு, ஒரு குர்கெல் சவாந்தே என மூன்று வண்டிகள் சாராயத்துக்கு மாற்றப்பட்டு, 1976ஆம் ஆண்டில் நாட்டைச் சுற்றி ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் தூரம் ஓட்டிக் காட்டப்பட்டன. இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய பயணம் இதுவே. தொடர்ந்து அரசு சார்ந்த நிறுவனங்களின் வண்டிகள் மாற்றப்பட்டன. சாவோ பாவுலோ மாநிலத் தொலைபேசி நிறுவனத்தின் பணி வண்டிகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நாள்தோறும் தெருத்தெருவாக ஓடும் வண்டிகளில் எது பழுதாகிறது, எது தாங்குகிறது என்பதை அவை காட்டிக் கொடுத்தன.

பட்டறையில் நடந்த மாற்றம்

பெட்ரோல் வண்டியைச் சாராயத்துக்கு மாற்றுவது என்றால் என்ன? இதனை ஒரு வகுப்பறைப் பாடம் போலவே விளக்கலாம்.

எரிபொருள் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவைப்படுகிறது. ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதே இதற்குக் காரணம். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அளவு மாறுவதில்லை. ஆகவே அதே காற்றுக்கு முன்னைவிட மிகுதியான எரிபொருளை ஊட்ட வேண்டும். இல்லையேல் கலவை மெலிந்து வண்டி திணறும். அக்கால வண்டிகளில் எரிபொருளையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். அதனுள் எரிபொருள் பாயும் 'ஜெட்' என்னும் நுண்துளையைப் பெரிதாக்குவதே கம்மியரின் முதல் வேலை.

இரண்டாம் வேலை அழுத்த விகிதத்தை உயர்த்துவது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதே அழுத்த விகிதம். பெட்ரோல் கலவையை அளவுக்கு மீறி நெருக்கினால், தீப்பொறி முறையாக எரிக்கும் முன்னரே அதன் ஒரு பகுதி தானாகப் பற்றி வெடிக்கும். எஞ்சினில் 'டக் டக்' என்று தட்டும் ஓசை எழும், பிஸ்டனும் சிதையும். எத்தனால் இதனைப் பெரிதும் தாங்கும் இயல்புடையது. அக்காலப் பெட்ரோல் எஞ்சின்களில் ஏழு அல்லது எட்டு மடங்காக இருந்த அழுத்தத்தை, சாராயத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு மடங்குவரை உயர்த்த முடிந்தது. சிலிண்டரின் தலைப்பகுதியைச் சீவியோ, உயர்ந்த பிஸ்டன்களைப் பொருத்தியோ இதனைச் செய்தனர். தீப்பொறி எழும் நேரத்தையும் அதற்கேற்பத் திருத்தினர்.

இம்மாற்றம் வெறும் அலங்காரமன்று. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. துளையை மட்டும் பெரிதாக்கி அழுத்தத்தை உயர்த்தாமல் விட்டால், வண்டி ஓடும். ஆனால் சாராயத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். அழுத்தத்தை முறையாக உயர்த்தினால் அவ்விழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம். வண்டியின் வலிமையும் கூடும். நேர்மையான பட்டறைக்கும் ஏமாற்றுப் பட்டறைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருந்தது.

மூன்றாவது இடையூறு குளிர். எத்தனால் ஆவியாக மிகுந்த வெப்பத்தை வேண்டுவது. வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே இறங்கினால், அது போதிய ஆவியைத் தராது, எஞ்சின் கிளம்பாது. மலேசியா போன்ற நாட்டில் இஃது ஒரு பொருட்டன்று. ஆனால் பிரேசிலின் தென்பகுதியில் சூன், சூலைத் திங்கள்களின் காலைப்பொழுது நன்கு குளிரும். ஆதலால் எஞ்சினுக்கு அருகே ஒரு சிறிய பெட்ரோல் கலத்தைப் பொருத்தினர். குளிர்ந்த காலையில் ஓட்டுநர் ஒரு விசையை அழுத்திச் சிறிதளவு பெட்ரோலைச் செலுத்தி எஞ்சினை எழுப்புவார். சூடேறிய பின்னர் சாராயத்தில் ஓட்டுவார். பெட்ரோலை விட்டொழிக்கப் பிறந்த வண்டிக்கும் காலையில் கண் விழிக்க ஒரு மிடறு பெட்ரோல் வேண்டியிருந்தது!

நான்காவது, அரிப்பு. வண்டிகளுக்கு விற்கப்பட்ட சாராயத்தில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு நீர் இருந்தது. துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்ட கார்புரேட்டர்களையும் எஃகு எரிபொருள் கலங்களையும் அது அரித்தது. சில வகை இரப்பர்க் குழாய்களை ஊறச்செய்து கெடுத்தது. பழைய கலங்களில் படிந்திருந்த கசடுகளைக் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டிகளை அடைத்தது. கார்புரேட்டருக்கு நிக்கல் பூச்சு, கலத்துக்கு வெள்ளீயப் பூச்சு, குழாய்களுக்கு வேறு பொருள் எனத் தீர்வுகள் பின்னர் வந்தன. ஆனால் அவை வருவதற்குள் பலர் பட்டறை வாசலில் காத்துக் கிடந்தனர்.

நம்பிக்கை தளர்ந்ததும் மீண்டதும்

1979ஆம் ஆண்டில் ஈரானியப் புரட்சியை ஒட்டி எண்ணெய் விலை மீண்டும் ஏறியது. 1985ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 1,070 கோடி லிட்டர் சாராயம் வடிப்பது என்று பிரேசில் அரசு இலக்கை உயர்த்திக்கொண்டது. வண்டி உற்பத்தியாளர்களோடு உடன்படிக்கையும் செய்துகொண்டது. அவ்வாண்டு சூலைத் திங்களில் ஃபியட் 147 என்னும் சிறு கார், தொழிற்சாலையிலேயே சாராயத்துக்கென உருவாக்கப்பட்ட முதல் வண்டியாக விற்பனைக்கு வந்தது. அதன் புகையில் கஷாசாவின் மணம் வீசியமையால் மக்கள் அதனை 'கஷாசின்யா' என்று செல்லமாக அழைத்தனர். 'குட்டிக் கஷாசா' என்பது அதன் பொருள்.

அதே காலத்தில், ஏற்கெனவே சாலையில் ஓடிய பெட்ரோல் வண்டிகளை மாற்றித்தரப் பட்டறைகளுக்கு அரசு ஒப்புதல் வழங்கியது. ஒப்புதல் பெறாத பட்டறைகளும் முளைத்தன. துளையை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் பணம் பெற்றுக்கொண்ட கைகள் பல. வண்டிகள் காலையில் கிளம்பவில்லை. கார்புரேட்டர்கள் அரித்துப் போயின. சொன்னதைவிட மிகுதியாக எரிபொருள் செலவாயிற்று. இதற்கிடையே சாராயத்தின் விலையும் பெட்ரோலின் விலையை நோக்கி ஏறியது. அரசு தன் வாக்கைக் காப்பாற்றுமா என்ற ஐயம் எழுந்தது. 1981ஆம் ஆண்டில் சாராயக் கார்களின் விற்பனை திடீரென வீழ்ந்தது.

அரசு விரைந்து செயற்பட்டது. சாராயத்தின் விலை பெட்ரோல் விலையில் 59 விழுக்காட்டைத் தாண்டாது என்று 1982ஆம் ஆண்டில் உறுதி கூறியது. சாராயத்தில் ஓடும் வாடகைக் கார்களுக்கு வரிச்சலுகை வழங்கியது. உற்பத்தியாளர்களும் அரிப்பையும் குளிர்க்கால இடையூற்றையும் தீர்த்துச் சீரான எஞ்சின்களைக் கொண்டு வந்தனர். மாற்றப்பட்ட வண்டியைவிடச் சாராயத்துக்கென்றே பிறந்த வண்டி சிறந்தது என்பதை மக்கள் கண்டுகொண்டனர்.

சிறு சரக்கு வண்டிகளின் கதை தனியே குறிப்பிடத்தக்கது. பிக்கப் எனப்படும் இவ்வண்டிகளை நம்பியே சிறு வணிகரும் உழவரும் பிழைத்தனர். டீசலைக் காக்கும் பொருட்டு, ஒரு டன்னுக்குக் குறைவான சுமை ஏற்றும் வண்டிகளுக்கு டீசல் எஞ்சினை அரசு 1976ஆம் ஆண்டு முதல் தடுத்திருந்தது. எனவே அத்தகைய வண்டிக்காரருக்குப் பெட்ரோல் அல்லது சாராயம் என்னும் இரண்டு வழிகளே இருந்தன. செவ்ரோலே நிறுவனத்தின் பெரிய பிக்கப் வண்டிகளோ மூன்று வகையாக விற்கப்பட்டன. சி-10 என்றால் பெட்ரோல். டி-10 என்றால் டீசல். ஏ-10 என்றால் ஆல்கூல், அதாவது சாராயம். நாட்டின் எரிபொருள் கொள்கை முழுவதும் வண்டியின் மேல் பொறித்த ஓர் எழுத்தில் அடங்கியிருந்தது.

1980களின் நடுப்பகுதியில் பிரேசிலில் விற்பனையான புதுக் கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை சாராயத்தில் ஓடின. உலகில் வேறெந்த நாடும் அதுவரை இத்தகைய மாற்றத்தைக் கண்டதில்லை.

கரும்புக் காட்டின் கணக்கு

வண்டிகளை மட்டும் பார்த்துவிட்டு இவ்வரலாற்றை முடித்தல் முறையன்று. வண்டி குடித்த ஒவ்வொரு லிட்டரும் யாரோ ஒருவர் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது.

ஒரு டன் கரும்பிலிருந்து ஏறத்தாழ 70 முதல் 80 லிட்டர் சாராயம் கிடைக்கும். பிழிந்த சக்கையை எரித்தே ஆலைக்கு வேண்டிய வெப்பத்தையும் ஆற்றலையும் பெறலாம். வெளியிலிருந்து எரிபொருள் வாங்கத் தேவையில்லை. கரும்புச் சாராயத்தின் பெருஞ்சிறப்பு இது. ஆனால் ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் பத்து முதல் பதினைந்து லிட்டர் வரை கழிவுநீர் எஞ்சும். தொடக்கத்தில் அக்கழிவு ஆறுகளில் விடப்பட்டது. மீன்கள் செத்து மிதந்தன. 1978ஆம் ஆண்டில் அரசு அதனைத் தடை செய்தது. பொட்டாசியச் சத்து நிறைந்த அந்நீரைக் கரும்புக் கொல்லைக்கே உரமாகப் பாய்ச்சும் முறை அதன் பின்னரே பரவியது.

கரும்பு வெட்டியவர்களைப் 'போயா-ஃபிரியா' என்று அந்நாட்டார் அழைத்தனர். 'குளிர்ந்த சோறு' என்பது அச்சொல்லின் பொருள். விடியுமுன் லாரியில் ஏறிக் காட்டுக்குச் சென்று, கொண்டுபோன சோற்றை ஆறிய நிலையிலேயே உண்பவர்கள் என்பதால் வந்த பெயர். வெட்டிய அளவுக்கே கூலி. அறுவடைக் காலத்துக்கு மட்டுமே வேலை. மலேசியத் தமிழர்க்கு இவ்வாழ்க்கை விளங்காத ஒன்றன்று. இரப்பர் வருவதற்கு முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பினாங்குத் தீவுக்கு எதிரேயுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர்.

1984ஆம் ஆண்டு மே திங்களில் சாவோ பாவுலோ மாநிலத்தின் குவாரிபா என்னும் சிற்றூரில் கரும்பு வெட்டிகள் வேலைநிறுத்தம் செய்தனர். ஐந்து வரிசைக் கரும்பை ஒரு பாத்தியாகக் கொண்டு வெட்டிய முறையை மாற்றி, ஏழு வரிசையாக ஆலையார் உயர்த்தியதே உடனடிக் காரணம். வெட்டிய கரும்பை நடு வரிசையில் கொண்டு சேர்க்க வேண்டியிருந்ததால், அதே கூலிக்கு நடையும் சுமையும் கூடின. கலவரம் மூண்டது, காவல் துறையினரின் தாக்குதலில் ஓர் உயிர் மாய்ந்தது. முடிவில் ஆலையார் பழைய ஐந்து வரிசை முறைக்குத் திரும்ப இசைந்தனர். சாராயக் கார்களின் விற்பனை உச்சத்தை நெருங்கிய ஆண்டுகளில்தான் இது நிகழ்ந்தது. நகரத்தான் மலிவாகப் பயணம் செய்ய, அதன் விலையைக் காட்டில் நின்றவன் தன் உடலால் செலுத்தினான்.

வறண்ட நிலையங்கள்

1986ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்தது. சாராயத்துக்கு அரசு அளித்துவந்த ஆதரவு பெருஞ்சுமையாகத் தோன்றியது. ஆலைகளுக்குக் கொடுக்கும் விலை ஏறவில்லை. அதே நேரத்தில் உலகில் சர்க்கரையின் விலை உயரத் தொடங்கியது. ஆலை முதலாளிகள் இலாபத்தைக் கணக்கிட்டுச் சாராயத்தை விட்டுச் சர்க்கரையின் பக்கம் சாய்ந்தனர். சாலையிலோ நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சாராய வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

1989ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்பனை நிலையங்களில் சாராயம் தீர்ந்தது. நெடிய வரிசைகளில் வண்டிகள் நின்றன. உலகுக்கே வழிகாட்டிய நாடு வெளிநாட்டிலிருந்து சாராயத்தை இறக்குமதி செய்யும் நிலைக்கு ஆளானது. எத்தனாலோடு மெத்தனாலையும் சிறிது பெட்ரோலையும் கலந்து விற்றுச் சமாளித்தனர். அரசின் சொல்லை நம்பி வண்டி வாங்கியவனுக்கு அவ்வரிசையில் நின்ற நேரம் மறக்கவியலாத பாடமாயிற்று. அவனுடைய வண்டி சாராயத்தைத் தவிர வேறொன்றையும் ஏற்காது. அதனை விற்க முனைந்தாலும் வாங்குவாரில்லை.

1981ஆம் ஆண்டில் தளர்ந்த நம்பிக்கையைச் சலுகைகள் மீட்டன. 1989இல் உடைந்த நம்பிக்கையை எந்தச் சலுகையாலும் மீட்க இயலவில்லை. முதல்முறை குறை இயந்திரத்தில் இருந்தது. பொறியாளர் அதனைத் திருத்தினர். இரண்டாம் முறை இயந்திரத்தில் குறையில்லை. வாக்குத்தான் பொய்த்தது. 1990களின் இறுதியில், புதிதாக விற்பனையான கார்களில் சாராயக் கார்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே சென்றது. எனினும் பெட்ரோலில் சாராயத்தைக் கலக்கும் வழக்கம் நிற்கவில்லை. அவ்வழக்கத்தின் துணையால், பெட்ரோலில் ஈயம் சேர்ப்பதை முற்றாக நிறுத்திய முன்னோடி நாடுகளுள் ஒன்றாகப் பிரேசில் விளங்கியது.

உரிமையாளனிடம் திரும்பிய தேர்வு

மறுமலர்ச்சி 2003ஆம் ஆண்டு மார்ச்சு திங்களில் வந்தது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 'கோல் டோட்டல் ஃபிளெக்ஸ்' என்னும் காரை வெளியிட்டது. பெட்ரோல், சாராயம், இரண்டும் எந்த அளவில் கலந்த கலவை ஆகிய எதனையும் அது ஏற்கும். புகைக்குழாயில் உள்ள உணர்கருவி ஒன்று எரிந்த புகையில் எஞ்சிய ஆக்சிஜனை அளக்கும். மின்னணுக் கருவி அதனைக் கொண்டு கலத்தில் உள்ள எரிபொருள் எதுவெனக் கணித்து, ஊட்டும் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் நொடிதோறும் திருத்தும். அன்று பட்டறைக் கம்மியர் துளையைப் பெரிதாக்கியும் பொறியின் நேரத்தைத் திருப்பியும் செய்த வேலையை, வண்டி ஓடும்போதே தானாகச் செய்யும் அமைப்பு இது. அழுத்த விகிதத்தை மட்டும் ஓட்டத்தில் மாற்ற இயலாது. அதற்கு இரண்டு எரிபொருளுக்கும் இடைப்பட்ட ஓர் அளவைக் கொண்டனர்.

சில ஆண்டுகளிலேயே பிரேசிலில் விற்பனையாகும் புதுக் கார்களில் பெரும்பாலானவை இவ்வகையாயின. சாராயத்தின் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் சாராயத்தை ஊற்றுவது, மேலே சென்றால் பெட்ரோலை ஊற்றுவது என்று ஓட்டுநர்கள் எளிய கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டனர். எவரையும் நம்பியிருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அதனாலேயே அவர்கள் மீண்டும் சாராயத்தை நம்பினர். 2004ஆம் ஆண்டில் எம்ப்ரேயர் நிறுவனத்தின் 'இப்பனேமா' என்னும் மருந்து தெளிக்கும் சிறு வானூர்தி எரிசாராயத்தில் பறக்க ஒப்புதல் பெற்றது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து பெட்ரோலில் கலக்கும் சாராயத்தின் அளவு 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 1931ஆம் ஆண்டில் ஐந்து விழுக்காட்டில் தொடங்கிய கலப்பு அது.

ஸ்டும்ப் 1998ஆம் ஆண்டில் மறைந்தார். சாராயக் கார்கள் ஏறக்குறைய மறைந்துவிட்ட காலம் அது. தம் ஆய்வு மீண்டும் உயிர்பெற்று எழுந்ததைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1976இல் நாட்டைச் சுற்றிய அந்த டாட்ஜ் கார் சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் ஊரிலுள்ள வானூர்தி நினைவகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் எஞ்சினில் செய்யப்பட்ட மாற்றம் சில நாள் வேலை. அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு நாட்டு மக்கள் மனமுவந்து அணிவகுக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. கல்வியிலும் மொழியிலும் பொருளியலிலும் புதுத் திட்டங்களை வகுப்போர், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்த்தல் நலம்.